கை நிற்காத பஞ்சர்க்காரர்

கொழிஞ்சாம்பாறையில் எல்லாமே நிற்கும். கரண்டு நிற்கும், பொள்ளாச்சி பஸ் நடுவழியில் நிற்கும், வாய்க்கால் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நிற்காமல் இருந்தது எங்கள் பஞ்சர்க்காரரின் கை ஒன்றுதான். ஒரு கை சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு கை தகரத் தொட்டியில் தாளம் போடும். அவருக்குப் பெயர் வைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தான் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி செய்யும் ஒரு கானமேளாக் குழு நடத்தினோம். அவர் டிரம்ஸ், நான் பாடகன். 'பாடகன்' என்று நோட்டீஸில்தான் போட்டிருந்தது. கேட்டவர்கள் வேறு பேர் சொன்னார்கள்.

கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சினன் ஒரு அமெரிக்க ரெக்கார்டைக் கொண்டு வந்து கொடுத்தான். கூட்டத்துக்கு நடுவே வாசிக்கும்போதே பதிவு செய்தது. பாட்டு முடிந்தாலும் கொட்டு முடியாது. அடுத்த பாட்டு வரும்வரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். நடுவில் பாடகர் ஏதோ கேட்பார், சனம் மொத்தமும் பதில் சொல்லும். பஞ்சர்க்காரர் அதை மைக்செட் கடையில் போட்டுவிட்டு, பி.ஏ. படித்தவன் என்று நம்பி என்னிடம் அர்த்தம் கேட்டார். எனக்குப் புரிந்தது அட்டையில் இருந்த 'கோ-கோ' மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் விளையாடுவோமே, உட்கார்ந்திருப்பவன் எழுந்து ஓட வேண்டும், ஆட்டம் நிற்கக் கூடாது, அதுதான் என்றேன். சரி, நடுவில் என்ன கேட்கிறார்?

"எந்தெந்த ஊர்க்காரங்க வந்திருக்கீங்கன்னு கேக்கறாருங்க" என்று அடித்துவிட்டேன்.

'கோ-கோ' என்பது அந்த நிற்காத கொட்டுப் பாட்டுக்கே பேர் என்றும், ஊர் கேட்பது கிட்டத்தட்டச் சரி என்றும் பிற்காலத்தில் ஒருவர் சொன்னார். என் இங்கிலீஷில் பலித்த ஒரே ஊகம் அது.

அன்றிலிருந்து எங்கள் கானமேளாவிலும் பஞ்சர்க்காரர் பாட்டுக்குப் பாட்டு ஊர்ப்பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நம் பக்கத்து வாயைப் பற்றித்தான் தெரியுமே, மரியாதையாக ஒன்றைக் கேட்டால், புத்தி யோசிப்பதற்கு முன்பே அது 'ங்க' போட்டுப் பதில் சொல்லிவிடும்.

எருத்தேன்பதியில் மாரியம்மன் நோம்பித் திருவிழா. மேடை ஏறிப் பார்த்தால் முன்வரிசையில் வடகரப்பதித் தென்னந்தோப்புக்காரர். அவர் மகளைத்தான் எனக்குக் கேட்டிருந்தோம். பாடித் திரிகிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று இழுத்தடித்தவர், என் லட்சணத்தை நேரில் பார்க்க வந்திருந்தார். கட்டினால் அவளைத்தான் என்று வீட்டில் பட்டினி கிடந்தவன் நான். கடைவீதி ஓட்டலில் சாப்பிட்டது வேறு விஷயம்.

அவர் முகத்தைப் பார்த்ததும் இரண்டாவது பாட்டின் சரணம் மறந்துபோயிற்று. வாயைத் திறந்தேன், பஞ்சரான டியூப் மாதிரி காற்றுதான் வந்தது. மானமும் போயிற்று, பெண்ணும் போனாள் என்று நின்றேன்.

கொட்டு நிற்கவில்லை. பஞ்சர்க்காரர் ஒரு கையால் அடித்தபடியே மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"வடகரப்பதிக்காரங்க வந்திருக்கீங்களா?"

"வந்திருக்கறமுங்க" என்றது சனம்.

"சாப்புட்டீங்களா?"

"சாப்புட்டமுங்க."

"மாப்பளயப் பாத்தீங்களா?"

"பாத்தமுங்க."

"பொண்ணு குடுக்கறீங்களா?"

"குடுக்கறமுங்க."

கைதட்டித் தாளம் போட்டபடி அதை எல்லோருக்கும் முந்திச் சொன்னவர் தென்னந்தோப்புக்காரர். சொன்ன பிறகுதான் அவர் கை அந்தரத்தில் நின்றது. நான் நைசாக மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் தோப்புக்காரர், நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றாராம். மைக்செட்காரர் முழுக் கச்சேரியையும் டேப்பில் பிடித்து வைத்திருந்தார். பஞ்சர்க்காரர் அந்தப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் அவர் வீட்டிலேயே போட்டுக் காட்டினார். தோப்புக்காரர் திரும்பவும் ஒரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்.

"என்ற கொரல்தானுங்க. சபைல சொன்னது சொன்னதுதான்" என்றார்.

இப்படியாக என் கல்யாணம், நான் பாடாத பாட்டுக்காக நிச்சயமாயிற்று.

பஞ்சர்க்காரர் இப்போது இல்லை. டேப் என்னிடம் இருக்கிறது. அதன் கடைசியில் அவர், "பாட்டுக்காரர் இருக்கறீங்களா?" என்று கேட்கிறார். நான் அப்போது ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். இப்போது அந்த இடம் வரும்போதெல்லாம் "இருக்கறனுங்க" என்று சொல்லிவிடுகிறேன். இன்னைக்குத்தான் தாளத்துல எடுத்தீங்க என்று மனைவி சிரிப்பாள்.

பிறகு நானும் ஒரு தரம் கேட்பேன், "நீங்க இருக்கறீங்களா?"

டேப் தீரும்வரை அவர் அடித்துக்கொண்டே இருப்பார்.