காகிதப் பாவிகளின் வக்கீல்

பழைய பெரிய நாவல்களில் வரும் பாவிகளுக்கெல்லாம் சம்பளமில்லாமல் வாதாடுகிற ஒரு வகை வாசகர் உண்டு; அவரை நீங்கள் சந்திக்காமல் தப்பியிருக்க முடியாது. கணவனின் கஞ்சியில் நஞ்சைக் கலந்தவள், நண்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவன் வீட்டிலேயே விருந்துண்டவன், நம்பிய கோட்டையின் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட தளபதி என்று யாரைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினாலும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, ஒரு பெருமூச்சும் விட்டு, "தீர்ப்புச் சொல்ல நாம யாருங்க?" என்பார். கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தான் யார் என்பதே சந்தேகமாகிவிடும்.

எங்கள் கண்டியில் இந்த வகைக்குக் குறையில்லாத மாதிரி சேதுராமன். கந்தோர் ஒன்றில் பிரதம லிகிதர், அதாவது அலுவலகத் தலைமை எழுத்தர். ஒவ்வொரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கும் லாபிர் நானாவின் புடவைக்கடை மேல்மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். யாராவது ஒருவர் ஒரு பழைய நாவலின் கதையைச் சொல்ல, மற்றவர்கள் அதில் வரும் ஆட்களை நிறுத்தி விசாரிப்போம். நூலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் விசாரணை முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். பெரிய பெயரைக் கேட்டதும் மரியாதை வந்து மூளையை மூடிவிடும் என்று இந்த விதியைக் கொண்டுவந்தவர் சேதுராமனேதான்.

இத்தனை இளகிய மனசுக்காரர் தெருவில் இறங்கினால் எப்படி இருப்பார்? பாணுக்குள் ஒருமுறை கல் கிடந்தது என்று பேக்கரிக்காரரோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை. பலாமரக் கிளையைத் தன் பக்கம் நீட்டவிட்ட பக்கத்து வீட்டுத் தனபாலனுக்கு, கிளையை வெட்டிய பிறகும் மன்னிப்பில்லை. இரவல் வாங்கிய புத்தகத்தின் பக்க மூலையை மடித்த என்னை அவர் பார்த்த மாதிரி கொலைகாரன் எவனையும் அவர் பார்த்திருக்க மாட்டார்.

இதெல்லாம் சில்லறை. பெரியது ஒன்று இருந்தது. அவருக்குப் பரிமளம் என்றொரு தங்கை. தாய் தகப்பன் இல்லாதவளைத் தூக்கி வளர்த்து, மாப்பிள்ளை பார்த்து, பந்தலும் போட்ட பிறகு, கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் ஒரு சிங்களத் தபால்காரரோடு போய்விட்டாள். இன்று திகனயில், பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் தூரத்தில், குடும்பமாக இருக்கிறாள். கைக்குழந்தையோடு ஒருமுறை அண்ணனைத் தேடி வந்தவளை வாசல் கேற்றடியிலேயே திருப்பி அனுப்பினார். இப்போது அவருடைய மகள் சுந்தரிக்குக் கல்யாணம். அத்தைதான் முதலில் நலங்கு வைக்க வேண்டும் என்று பெண் பிடிவாதம் பிடிக்க, மனைவி இராஜகுமாரி மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"எனக்குத் தங்கச்சியே இல்ல" என்றார், காகிதப் பாவிகளின் வக்கீல்.

இராஜகுமாரி மேற்கொண்டு வாதாடவில்லை. திகனயிலிருந்து எங்கள் வட்டத்துக்கு வரும் ரபீகா டீச்சரிடம் பேசினார். அடுத்த போயாவில் கதை சொல்ல எழுந்தவர் அந்த ரபீகா டீச்சர். இராஜகுமாரியும் அன்று வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

கதை ஒரு குளிர் தேசத்தில் நடந்தது. பிரபு வம்சம். தாய் தகப்பன் இல்லாத பெண், வளர்த்த அண்ணன், முதல் நாள் இரவு குதிரை வண்டி, வேற்று மொழி பேசும் கடிதத் தூதன், பிறகு கையில் குழந்தை, பூட்டிய இரும்புக் கதவு, அதன் வெளியே கொட்டுகிற பனி. எங்களில் பாதிப்பேருக்கு விஷயம் விளங்கிவிட்டது. லாபிர் நானா தலையைக் குனிந்து கால் விரல்களை ஆராயத் தொடங்கினார். சேதுராமனுக்கு மட்டும் விளங்கவில்லை. எப்படி விளங்கும்? கதையில் பனி பெய்துவிட்டால் அவருக்கு அது இலக்கியம். இலக்கியம் என்றால் அது திகனயில் நடக்காது.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"அந்தப் பொண்ணு செஞ்சது தப்புதாங்க. ஆனா அந்த ராத்திரி அவ மனசு என்ன பாடுபட்டிருக்கும்? வளர்த்தவன் ஒரு பக்கம், விரும்பினவன் ஒரு பக்கம். தீர்ப்புச் சொல்ல நாம யாருங்க?" பனியில் நின்ற குழந்தைக்காக உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு கோபம் வந்தது. "அண்ணனைத்தான் எழுத்தாளர் கோட்டைவிட்டுட்டார். கூடப்பிறந்தவ குழந்தையோட நிக்கிறா, கதவைத் திறக்கமாட்டானா? இப்படி ஒரு மரக்கட்டை உலகத்துல இருப்பானா? நம்பவே முடியல. புத்தகத்துப் பேர் என்ன டீச்சர்?"

"புத்தகம் ஒண்ணும் இல்ல சேது அண்ணே" என்றார் ரபீகா டீச்சர். "புள்ளட பேரு பரிமளம். எங்கட வூட்டுக்குப் பக்கத்திலதான் ஈக்கிறா."

சேதுராமன் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம் வக்கீல் துள்ளி எழுந்து, தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வாதத்தைத் தொடங்கினார், கட்சி மாறி.

"இது மோசடிங்க! அண்ணன் பக்கத்தை யார் சொன்னது? தோள்ல தூக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விட்டது யாரு? பந்தல்ல நின்னு வந்தவங்ககிட்ட எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, திரும்பிப் போங்கன்னு சொன்னது யாரு? அவனும் ஒரு மனுஷன் இல்லையா? அவன் மனசுக்குள்ள யாராவது போய்ப் பார்த்தீங்களா?"

பார்த்தோம். சொல்லப்போனால் அப்போதுதான் பார்த்தோம். அத்தனை வருடமும் அந்த மனிதர் அந்தப் பந்தலை விட்டு இறங்கவே இல்லை என்பது தெரிந்தது. எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

இராஜகுமாரி எழுந்தார். "எல்லாம் சரிங்க. வெள்ளிக்கிழமை நலங்கு. அவளைக் கூப்பிடலாமா, வேணாமா?"

சேதுராமன் யோசித்தார். "சிக்கலான விஷயம். அடுத்த போயாவுல விரிவாப் பேசலாம்" என்றார்.

இராஜகுமாரி கைப்பையை எடுத்தார். ரபீகா டீச்சரைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தார். தடுக்கத்தான் பின்னால் ஓடினார் சேதுராமன். திகன பஸ் புறப்பட்டுவிட்டதால் அவரும் தொற்றி ஏற வேண்டியதாயிற்று. வழி முழுக்க அவர் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை என்று டீச்சர் பின்னர் சொன்னார்: "குதிரை வண்டியெல்லாம் தேவைதானா?"

திகனயில் அவர் கேற்றடியிலேயே நின்றுவிட்டார். மன்னிக்கத் தயாராக, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு. வெளியே வந்த பரிமளம் அண்ணனைப் பார்த்தாள். நரைத்த தலையை, துடைத்துக்கொண்டிருந்த கையை, எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தாள். பிறகு அண்ணியையும் டீச்சரையும் மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மன்னிக்க வந்தவர் வெயிலில் நின்றார். தானும் மன்னிக்கப்பட வேண்டியவன் என்பது அவர் படித்த எந்தப் பக்கத்திலும் அவருக்குத் தட்டுப்படவில்லை. உள்ளே தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவருக்காக வாதாட அங்கே யாரும் இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

"நலங்குக்கு வர்றேன்" என்றாள் பரிமளம். "உங்களுக்காக இல்ல. என் மருமகளுக்காக. வெயில்ல நிக்காம உள்ள வாங்க."

சேதுராமன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பேக்கரிக்காரரோடு இன்றும் பேச்சில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் எதிர்பார்க்கக் கூடாது.

வாசகரே, இவ்வளவு நேரத்தில் நீங்கள் சேதுராமனைச் சிரித்துச் சிரித்தே மன்னித்திருப்பீர்கள். கஷ்டமாக இருந்ததா? இருந்திருக்காது. அவர் இருப்பது காகிதத்தில். போகட்டும், உங்கள் வீட்டுக் கடைசிக் கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடவில்லை?