படகு கொஞ்சம் மூழ்குதுங்க

துடியலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை கிருபாசங்கர் அவர்களுக்கு, மாமனார் அப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் தோட்டமும் ஆண்டவன் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். கொழும்பில் தாங்களும், என் மகள் புவனாவும், அவள் வயிற்றிலிருக்கும் பேரப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கல்யாணப் பந்தியில், புவனாவுக்கு ஏழாம் மாசக் கட்டுச்சோறு கொண்டு வரும்போது சொந்தப் படகில்தான் வருவேன், அதே படகில் அவளைப் பேறுகாலத்துக்குக் கூட்டி வருவேன் என்று அத்தனை சொந்தபந்தத்துக்கு முன்னால் நான் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். ஏழாம் மாசம் வந்துவிட்டது. சொன்ன சொல் நிற்கணும். படகும் வாங்கி, வாசலில் பழைய லாரி டயர்களின் மேல் உட்கார வைத்திருக்கிறேன். டிராக்டர் வாங்கினால் ஏறி ஓட்டிக்கொண்டு போகிறோமில்லையா, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துப்போட்டேன். அப்படியில்லையாம் மாப்பிள்ளை.

படகை முதலில் பதிவு செய்யணுமாம். தாய்த்துறைமுகம் எது என்றார் ஆபீசர். துடியலூர் என்றேன். அங்கே கடல் ஏது என்றார். மழை பேஞ்சா மேட்டுப்பாளையம் ரோடே போதுமுங்க என்றேன். மனுஷன் பேனாவை மூடி வைத்துவிட்டார். கடைசியில் தூத்துக்குடி என்று எழுதி, அதையே படகின் முதுகில் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். அப்புறம் இன்சூரன்ஸ், படகுக்கே ஒரு உடல் பரிசோதனை, போகிறவர்கள் பெயரெழுதி இமிக்ரேஷனுக்கு ஒன்று, கஸ்டம்சுக்கு ஒன்று. படகைத் திரும்பக் கொண்டு வந்துவிடுவேன் என்று கையெழுத்து வேறு வாங்கிக்கொண்டார்கள். ஆகவே அதைத் தங்களுக்குச் சீர்வரிசையாகக் கொடுக்க வழியில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கிட்டேனுங்க. படகிலிருந்து கரையோடு பேசுகிற ரேடியோவுக்கு ஒரு பரீட்சை, அதுதான் என்னைச் சாய்ச்சுப்போட்டது. எனக்குத் துணைக்கு வந்த உங்கள் மாமியார் பாவாத்தாள், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று என்னோடு சேர்ந்து படகோட்டும் லைசென்சும் வாங்கியிருந்தாள். ஆனால் ரேடியோவிலும் பாஸானவர்தான் கேப்டனாம். பரீட்சை வைத்த சாஜிதா பேகம் என்கிற அம்மா நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். பதில் வேண்டுமென்றால் பேச்சின் கடைசியில் ‘ஓவர்’, இனிப் பேச ஒன்றுமில்லை என்றால் ‘அவுட்’. பிறகு, படகு மூழ்குகிறது, கரையில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள் என்றார். மைக்கை வாங்கினேன்.

“ஏனுங்க, வணக்கமுங்க. சாப்டாச்சுங்களா? ஒண்ணுமில்லீங்க, இங்கே படகு கொஞ்சம் மூழ்குதுங்க. உங்களுக்குச் சிரமமில்லீன்னா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஓவருங்க.”

“ஐயா, சாப்டாச்சான்னு நீங்க கேக்கறப்பவே படகு அடியில போயிருச்சு” என்றார் அந்தம்மா.

அடுத்து பாவாத்தாள் மைக்கை வாங்கினாள். “படகு மூழ்குது. ரெண்டு பேரு. உடனே வா. ஓவர்.” பாஸ். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு ‘ங்க’ குறைத்துப் பேசாதவளுங்க மாப்பிள்ளை. இப்போது எல்லாக் காகிதத்திலும் கேப்டன் என்று அவள் பெயர். நான் கயிறு பிடிக்கிற ஆள். கேப்டன் சொன்னால் மறுபேச்சு கூடாதாம், அதையும் அந்தம்மா அவள் காதில் போட்டு வைத்துவிட்டார்.

ஆனாலும் நான் விடுவதாயில்லை. வருகிற வளர்பிறையில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கட்டிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து கிளம்புகிறோம். தாங்கள் சொந்தபந்தத்தோடு கொழும்புத் துறைமுகத்தில் வந்து நிற்கணும். பிள்ளைக்கு என் கையால் கொண்டு வந்து கொடுத்தால்தான் என் மனசு ஆறும்.

சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் எங்கள் கும்பிடு. கண்ணு புவனாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி என்றைக்கும் உண்டு.

இப்படிக்கு,
கயிறு பிடிக்கும்
அப்புசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கேப்டன் இதை வாங்கிப் படித்துவிட்டாள். தாங்கள் துறைமுகத்துக்கு வர வேண்டாம், ஏர்போர்ட்டுக்கு வந்தால் போதும். அப்போ என் வாக்கு என்னாகிறது என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏழு மாசப் புள்ளத்தாச்சி. பிளேன்ல போறோம். அவுட்.”