முந்நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டாத மழை

மழையைக் கணிக்கும் நிறுவனங்கள் உலகில் எத்தனையோ உண்டு. மழையை அடக்கி வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். அதிதீவிர மழை ஆய்வு மையத்தின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியில் கடந்த முப்பது ஆண்டுகளாக ஒரே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ததில்லை. பெய்ய விட்டதில்லை என்று சொல்வதே முறை.

இந்தச் சாதனைக்கு வித்திட்டவர் ஒரு தோட்டக்காரர். முப்பது ஆண்டுகளுக்கு முன், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில், செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் கை தவறி மழைமானிக்கும் சேர்த்துப் பாய்ச்சிவிட்டார். அன்று தொள்ளாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டியதாக மையம் அறிவித்தது. ஊரே சிரித்தது. அப்போது அங்கே இளநிலை அலுவலராக இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ராத்தூக்கம் கெட்டு ஒரு விதியை எழுதினார்: "இதுவரை பதிவான அதிகபட்சத்தைத் தாண்டும் எந்த அளவும் பிழையே. அதை நீக்கி, அக்கம்பக்கத்து அளவுகளின் சராசரியை அங்கே இடுக."

அவர்தான் இன்றைய இயக்குநர். அப்போதைய அதிகபட்சம் முந்நூற்றுப் பன்னிரண்டு. விதி கணினிக்குள் புகுந்து "சல்லடை" என்ற பெயரில் மென்பொருளானது. பெரியதைத் தடுத்துச் சிறியதை விடுவது சல்லடையின் இயல்பு. பெரிய மழை எதுவும் அதில் தப்பியதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் மலைமேல் இருக்கும் ஒரு கருவி நானூற்றிருபது என்று காட்டியது. நீக்கினார்கள். கருவியைப் பழுது பார்க்கப் போனவர், மழையில் சாலை அடித்துக்கொண்டு போயிருந்ததால் பாதி வழியில் திரும்பி வந்தார். "சாலை இல்லை, கருவிப் பிழை உறுதி" என்று கோப்பில் எழுதியிருக்கிறது.

எச்சரிக்கைகளுக்கு மையம் நான்கு நிறங்கள் வைத்திருந்தது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. முந்நூற்றிருபதுக்கு மேல் போனால் சிவப்பு. வீட்டைக் காலி செய்ய வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டத்தான் எதற்கும் அனுமதி இல்லையே. ஆகவே சிவப்பு ஒரு நாளும் வந்ததில்லை. பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று வைத்திருந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட மையத்தில் ஒரு கரும்புள்ளியும் இருந்தது. புயல் மாதிரிகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பெண் அவள். பச்சை எச்சரிக்கை நாளிலும் கையில் குடையோடு வருவாள். மழை ஆய்வு மையத்தில் வேலை பார்ப்பவர் குடை கொண்டு வருவது நிறுவனத்தின் மேல் நம்பிக்கையில்லாத செயல் என்று ஒரு சுற்றறிக்கைகூட வந்தது. அவள் விடவில்லை. பெயரே "குடை" என்று ஆகிவிட்டது.

அந்த வாரம் கடல் சூடாக இருந்தது. குடை தன் மாதிரியை நாற்பது முறை ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் காற்றையும் ஈரப்பதத்தையும் இம்மியளவு மாற்றினாள். முப்பத்தாறு முறை ஒரே பதில் வந்தது: வியாழக்கிழமை, நகரத்தின் மேல், ஐந்நூறுக்கும் மேல். மீதி நான்கில் மட்டும் புயல் ஒதுங்கிப் போனது. நாற்பது வரைபடங்களையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் கால்வாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். கால்வாயை ஒட்டிய கீழத் தெருவில் அவளுடைய அக்கா குடியிருந்தாள். தரைத்தளம்.

சல்லடை தன் கடமையைச் செய்தது. முப்பத்தாறைப் பிழை என்று தள்ளியது. "பிழையற்ற" நான்கின் சராசரியை எடுத்தது. நூற்றைம்பது. ஆரஞ்சு.

புதன்கிழமை காலை அவசரக் கூட்டம். மழைக்காக அல்ல, குடைக்காக.

"என்னம்மா இது, ஐந்நூத்தி நாப்பதுன்னு எழுதியிருக்கீங்க?" என்றார் இயக்குநர். "நம்ம அதிகபட்சம் எவ்வளவு?"

"முந்நூத்திப் பன்னெண்டு சார்."

"தெரிஞ்சுமா எழுதுனீங்க?"

"காத்துல ஒரு டிகிரி சூடு ஏறினா அது ஏழு சதவீதம் கூடுதலா ஈரம் பிடிச்சுக்கும் சார். முப்பது வருஷத்துக்கு முந்தின காத்து இல்ல இது."

"காத்து மாறலாம்மா. விதி மாறலாமா?"

தரக்கட்டுப்பாட்டு அதிகாரி தொண்டையைக் கனைத்தார். சல்லடையைப் பராமரிப்பவர் அவர். எல்லாரும் அவரை "வடிகட்டி" என்பார்கள். அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

"மேடம், சிவப்பு கொடுக்கணும்னா அந்த மாதிரி மழை ஒரு தடவையாவது பெஞ்சிருக்கணும். ரெக்கார்டைப் பாருங்க. பெஞ்சதே இல்ல."

"பெஞ்சா நீங்கதான் அழிச்சுடுறீங்களே."

"பிழையை எடுக்கறதுக்குப் பேரு அழிக்கறது இல்ல மேடம். சுத்தம் பண்றது."

"சார், ஒரே ஒரு நாள் அந்தச் சல்லடையை நிறுத்தி வைங்க. என் கணக்கு தப்பாப் போனா நான் வேலையை விட்டுடறேன்."

இயக்குநர் கருணையோடு சிரித்தார். "உங்க கணக்கு சரியாப் போச்சுன்னா? அப்ப நாங்க எல்லாரும் இல்ல வேலையை விடணும்?"

கூட்டம் இனிதே முடிந்தது. ஆரஞ்சு நகரமெங்கும் பரவியது.

குடை படிக்கட்டில் நின்று அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மாமாவையும் பசங்களையும் கூட்டிக்கிட்டு இன்னைக்கே என் வீட்டுக்கு வந்துடு."

"எதுக்குடி? உங்க ஆபீஸ் ஆரஞ்சுன்னுதானே போட்டிருக்கு?"

"ஆபீஸை விடு. நான் சொல்றேன்."

"நீயும் ஆபீஸும் ஒண்ணுதானேடி?"

"இன்னைக்கு இல்லக்கா."

"சரி," என்றாள் அக்கா. "ஆனா வாஷிங் மெஷினை யாரு தூக்கறது? உங்க மாமா தன்னையே தூக்கிக்க மாட்டாரு."

"அது போனாப் போகட்டும். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லுக்கா."

அக்காவிடம் ஒரு சேதி போனால் தெரு முழுக்கப் போன மாதிரிதான். அன்று சாயங்காலத்துக்குள் பதின்மூன்று குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறின. பக்கத்து வீட்டிலேயே கடை வைத்திருந்த தையல்காரர் மட்டும் அசையவில்லை. ஆறு தையல் மெஷின்களும் பள்ளிச் சீருடைகள் ஒரு மலையுமாகத் தனியாக இருந்தார். மையத்தின் செயலியைத் தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் துணி உலர்த்துவார். அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "நம்பகமானது. ஒரு நாளும் ஏமாற்றியதில்லை" என்று கருத்தும் எழுதியவர். மைய இயக்குநரே அந்தச் செயலியை அவ்வளவு பக்தியோடு பார்த்ததில்லை.

"இங்க பாருங்கம்மா," என்று அக்காவிடம் போனை நீட்டினார். "ஆரஞ்சு. ஆரஞ்சுன்னா கவனமா இருக்கணும், அவ்வளவுதான். காலி பண்றது சிவப்புக்கு."

"என் தங்கச்சி அங்கதாங்க வேலை பாக்குறா. அவளே சொல்றா."

"தங்கச்சி ஒருத்தர் சொல்றாங்க. இது எத்தனை பேர் கூடி உக்காந்து சொன்னது! திங்கக்கிழமை சீருடை கொடுக்கணும்மா. சிவப்பு வரட்டும், மறு நிமிஷம் கெளம்பிடறேன்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பிடித்த மழை ஒரே மூச்சாகப் பெய்தது. வானத்திலிருந்து விழுந்ததா, கால்வாயிலிருந்து எழுந்ததா என்று தெரியாதபடி தண்ணீர் ஏறியது. மைய வளாகத்தில் கார்கள் ஒன்றையொன்று நலம் விசாரித்தபடி மிதந்தன. இயக்குநரை இரண்டாம் மாடி ஜன்னல் வழியாகத் தீயணைப்புப் படையினர் படகில் இறக்கினார்கள். இறங்குவதற்கு முன் அவர் திரையை ஒரு முறை பார்த்தார். வளாகத்து மழைமானி ஐந்நூற்று முப்பதைக் காட்டியது. சல்லடை அதை நீக்கியது. தப்பிப் பிழைத்த தொலைவான நிலையங்களின் சராசரியை அங்கே வைத்தது: நூற்று நாற்பத்தெட்டு.

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர், படகில் குடை பிடித்தபடி. குடையை மறக்காமல் குடையிடமிருந்துதான் வாங்கியிருந்தார். "நாம சொன்னது நூத்தைம்பது. பெஞ்சது நூத்தி நாப்பத்தெட்டு. ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!"

படகோட்டிய தீயணைப்பு வீரர் ஒரு தெருவிளக்கின் உச்சியைச் சுற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை தண்ணீர் வடிந்தது. அக்காவின் வாஷிங் மெஷின் மூன்றாம் தெருவில் கிடைத்தது. தையல்காரர் தன் கடைக்குள்ளேயே கிடைத்தார். சீருடைகளைப் பரணில் ஏற்றியிருந்தார். போன் சட்டைப் பையில் இருந்தது.

குடை அக்காவோடு போய் அந்தக் கடை வாசலில் நின்றாள். சுவரில் அவள் தலைக்கு மேல் சேற்றுக்கோடு. அக்கா உள்ளே போய்ப் பரணிலிருந்து சீருடைகளை இறக்கினாள்.

திங்கட்கிழமை மையத்தில் பாராட்டு விழா. முப்பது ஆண்டுகளில் மிகத் துல்லியமான கணிப்பு என்று இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விழா முடிந்ததும் குடையின் கையில் ஒரு குறிப்பாணை வந்து சேர்ந்தது. கீழத் தெருக்காரர் யாரோ "மையத்துத் தங்கச்சிக்கு நன்றி" என்று இணையத்தில் எழுதிவிட்டாராம். "பெய்யாத மழையைப் பற்றி வதந்தி பரப்பி, பதின்மூன்று குடும்பங்களைத் தேவையின்றி இடம்பெயரச் செய்தது ஏன்?" மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

குடை விளக்கம் எழுதவில்லை. அலமாரியிலிருந்து மையத்தின் பிழை நீக்கப் படிவம் ஒன்றை எடுத்து, நல்ல கையெழுத்தில் நிரப்பினாள்.

இடம்: கீழத் தெரு, தையல் கடை. அளவீடு: ஆரஞ்சு எச்சரிக்கையில் உயிரிழப்பு. பதிவான அளவு: ஒன்று. இதுவரை மையத்தின் அதிகபட்சம்: சுழியம். அக்கம்பக்கத்து வீடுகளின் சராசரி: சுழியம். கோரிக்கை: அதிகபட்சத்தைத் தாண்டிவிட்டதால், விதிப்படி பிழையெனக் கருதி இந்த மனிதரை நீக்கவும்.

படித்தால் இயக்குநருக்குக் கோபம் வரும், குறைந்தது ஒரு போனாவது வரும் என்று நினைத்தாள்.

பத்தே நிமிடத்தில் படிவம் திரும்பி வந்தது. வடிகட்டியின் பச்சை மைக் கையொப்பம். இயக்குநரின் சுருக்கொப்பம். நடுவில் முத்திரை: "சரிபார்க்கப்பட்டது. நீக்கப்பட்டது."

மையத்தின் பதிவேட்டில் அப்படியொரு மனிதர் சாகவில்லை. செயலியில் மட்டும் அவர் கொடுத்த ஐந்து நட்சத்திரங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஐந்துதான் அங்கே அதிகபட்சம். அவர் அதைத் தாண்டவில்லை.