பூட்டு மாமாவின் ஊதாப் பூ

மலாக்கா மாநிலத்திலேயே ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்ட ஒரே மனிதர் எங்கள் பூட்டு மாமாதான்.

தொண்ணூறுகளில் ஆயர் குரோ தாமான் குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த வீடு. யாரையும் நம்பமாட்டார். பேப்பர் வாங்கினால் பக்கங்களை எண்ணிப் பார்ப்பார். கல்யாண வீட்டில் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

அந்த ஃபிரிட்ஜில் இருந்தவை எட்டுப் பூச்செடிக் கிழங்குகள். ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருந்த ஒரே மகள் அனுப்பியவை. அங்கே பனி விலகியதும் முதலில் பூப்பது இதுதானாம். நம் ஊர்ச் சூட்டுக்கு மூன்று மாதம் குளிரில் வைத்துத்தான் நடவேண்டுமாம். பார்த்தால் அச்சு அசல் சின்ன வெங்காயம். மாமி சாம்பாரில் போட்டுவிடுவாரோ என்ற சந்தேகத்தில் வந்ததுதான் பூட்டு. இதைப் பற்றியெல்லாம் அவர் எங்களிடம் மூச்சு விடவில்லை.

மூன்று மாதம் கழித்து, உச்சி வெயிலில், எங்கள் வேலியோரம் குழி தோண்டி எதையோ புதைத்தார். வாய்க்குள் முணுமுணுத்தபடி மேலே ஐஸ் கட்டிகளைக் கொட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"செய்வினைதான்டா. சந்தேகமே இல்ல!"

மறுநாள் மாமா வேலைக்குப் போனதும் அம்மா மண்ணைக் கிளறி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கிடைத்ததையெல்லாம் வாசல் சாக்கடையில் வீசிவிட்டுத் தலைக்குக் குளித்தார்.

சாயங்காலம் மாமா கிளறிக் கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் சமையலறைக்கு வந்து சாம்பார்ச் சட்டியை முகர்ந்தார்.

"உண்மையச் சொல்லு தங்கச்சி. எத்தன போட்ட?"

"சாம்பார்லயா? எல்லாத்தையும் வாசல் லோங்காங்ல போட்டாச்சு! எங்க வேலியில ஏண்ணே பொதைக்கிறீங்க?"

"உங்க மாமரத்து நெழலுக்குலா!"

மகளின் கடிதத்தை நீட்டினார். "அவ வந்து நாலு வருசமாச்சு. அவ ஜன்னல்ல பாக்குற பூவ நானும் ஒருவாட்டி பாக்கணும்னு நெனச்சேன்."

அம்மா கடிதத்தைப் படித்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சாக்கடையில் இறங்கினார். ஒரே ஒரு கிழங்குதான் கிடைத்தது. அதைத் தொட்டியில் நட்டார்கள். மாமா வேலைக்குப் போன நேரமெல்லாம் அம்மாதான் ஐஸ் வைத்தார். மாமா திரும்பி வந்ததும் ஐஸ் தட்டைச் சரிபார்ப்பார்.

மூன்றாவது வாரம், ஒரு காலையில், கட்டைவிரல் அளவுக்கு ஊதா நிறத்தில் ஒரு பூ. மாமா அரை மணி நேரம் குனிந்தே இருந்தார். பிளாஸ்டிக்கோ என்று தொட்டும் பார்த்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு காமிராவை எடுத்து வந்தார்.

"தங்கச்சி, தொட்டியப் புடிச்சிகிட்டு நீயும் நில்லு. பூவ மட்டும் அனுப்புனா எம்மக நம்பமாட்டா. கடையில வாங்குனதும்பா. நீ நின்னா நம்புவா."

பெற்ற மகளிடம் சாட்சி சொல்ல, ஊரில் ஒருவரையும் நம்பாத அந்த மனிதர் என் அம்மாவைத்தான் கூப்பிட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.