பே ஜன்னலுக்குப் பேய் வந்த விவரம்

பெருநகர் கிராமத்தில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி ஜனாப் உபைதுல்லா அவர்களுக்கு, உத்திரமேரூர் முகம்மது கௌஸ் எழுதியது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் நலம். அங்கும் அனைவரும் நலமாக இருக்க துஆச் செய்கிறோம். நலம் என்பது வழக்கத்துக்காக எழுதியது. உண்மையில் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் பேய் கிடையாது. இருப்பது, அதாவது வைக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருப்பது, ஒரு ஜன்னல். பெண் பார்க்க வந்த அன்று உங்கள் மகன் ஷகீல் முன்னறையைப் பார்த்து, "தெருப்பக்கம் ஒரு பே விண்டோ வெச்சா சூப்பரா இருக்கும் மாமா" என்றார். மாப்பிள்ளையிடம் அர்த்தம் கேட்டால் மாமனாருக்கு என்ன மரியாதை? ரொம்ப நாளாக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு மகள் மாஹிராதான் செல்போனில் படம் காட்டினாள். சுவரைவிட்டுத் தொப்பை தள்ளினாற்போல வெளியே வந்து நிற்கும் ஜன்னல், உள்பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம்.

மேஸ்திரி முனியனைக் கூப்பிட்டு, "பே ஜன்னல் ஒண்ணு வெக்கணும்" என்றேன். அளவு டேப்பைக் கீழே போட்டுவிட்டார். "இன்னா பாய் சொல்றீங்கோ, பேய் ஜன்னலா? அது வர்றதுக்கா, போறதுக்கா?"

இங்கிலீஷ் பே என்று விளக்கினேன். "இங்கிலீஷ் பேய்னா இன்னும் பேஜாரு பாய்" என்று சொல்லி, மறுநாள் பூசணிக்காயோடு வந்து என் வாசலில் உடைத்த பிறகுதான் சுவரில் கோடு போட்டார். அதைப் பார்த்த என் மனைவி உம்முல் குல்சும், "பேயி இல்லாட்டி போவுது, ஓதி வெச்சா நமக்கு இன்னா கொறைஞ்சி பூடும்?" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து வந்துவிட்டாள். பூசணிக்காயைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருந்த தெரு, ஹஜ்ரத்தைப் பார்த்ததும் முடிவே செய்துவிட்டது. டீக்கடை வெங்கடேசன் என்னை நிறுத்தி, "அது வந்து குந்திக்கினு கீதாமே பாய், ஆம்பளையா பொம்பளையா?" என்கிறான். சிமெண்டே இன்னும் வரவில்லையப்பா என்றேன். அந்தச் செய்தி பெருநகர் பஸ்ஸில் ஏறி, மானாம்பதி தாண்டுவதற்குள் கூந்தல் வளர்த்து, கொலுசு கட்டிக்கொண்டு, உங்கள் வீட்டில் இறங்கும்போது என் மகளையே பிடித்துவிட்டதாம்.

ஏப்ரலில் குறித்த நிக்காஹைத் தள்ளி வைக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு இருப்பது ஒரே பெண், சம்பந்தி. கல்யாணம் நின்றுபோய்விடுமோ என்றுதான் பயம். பரீட்சை முடியட்டும் அத்தா என்று அவளே ஒருதரம் கேட்டாள்தான். உங்கள் மனம் கோணுமே என்று அதைக்கூட நான் உங்களிடம் சொல்லவில்லை. பொய் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை மேல் இப்படி ஒரு வதந்தி!

ஜன்னல் விஷயத்தில் நீங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும். வைத்தால் பேய்க்கு இடம் கொடுத்தேன் என்பார்கள். வைக்காவிட்டால் பேய்க்குப் பயந்துவிட்டேன் என்பார்கள். சுவரில் போட்ட கோட்டை அழிக்கலாம் என்றால், அழித்தால் அதற்குக் கோபம் வரும் என்கிறார் முனியன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாமும் சின்னவர்களுக்கு துஆவும். அல்லாஹ் நம் இரு குடும்பத்தையும் சேர்த்து வைப்பானாக.

இப்படிக்கு,
முகம்மது கௌஸ்

பின்குறிப்பு: மாமா, கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அத்தா என்னிடம் கொடுத்தார். மாஹிரா எழுதுகிறேன். பேயைத் தொடங்கி வைத்தது முனியன் அண்ணன்தான். அதைப் பஸ்ஸில் ஏற்றி, கூந்தலும் கொலுசும் சேர்த்து அனுப்பியது நானும் என் தோழி ஷப்ரீனும். என் பி.எட். பரீட்சை ஜூனில் முடிகிறது. நிக்காஹ் ஜூலையில் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பேய் அன்றைக்கே போய்விடும். ஷகீலைக் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். ஜன்னலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் மாமா. படிக்க வெளிச்சம் வேண்டும்.