டேஷ்போர்டுக்குத் தையல்

கட்டியவளிடமே பந்தயம் கட்டியிருக்கிறீர்களா நீங்கள்? நான் கட்டினேன்.

எங்கள் பழைய பிக்கப் வண்டியின் டேஷ்போர்டு வெயிலில் வெடித்துப் போயிருந்தது. பழைய சாமான் கடையில் புது மாடல் வண்டியினுடையது ஒன்று கிடைத்தது. மகுடம் மாதிரி தலையில் தூக்கி வந்தேன்.

"நம்ம வண்டிக்கு இது அகலம்ங்க" என்றாள் மனைவி. துணி தைப்பவள்.

"அறுத்தா சேர்ந்துடும்."

"முதல்ல அட்டையில வெட்டி வெச்சுப் பாருங்க."

"இதென்ன சட்டையா? மெக்கானிக் வேலைடி!"

"சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுவீங்களா?"

"மாட்டலைன்னா சாவி உனக்கு. நீயே ஓட்டிக்கோ!"

வாயா அது? லைசென்ஸ் வாங்கியதிலிருந்து அந்தச் சாவியைத்தான் கேட்கிறாள். தைத்த துணியைக் கடைக்குத் தானே கொண்டுபோக வேண்டுமாம். நானோ அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறவன்.

அளக்கப் போனால் சீட்டில் குழந்தை. அங்கே போட்டால்தான் அது தூங்கும்.

"கதவைத் திறந்தீங்க, முழிச்சுக்கும். அப்புறம் நீங்கதான் தூக்கணும்."

ஆகவே வண்டிக்கு எதிரில் நின்று, புதியதை அதன் முகம் சீட்டைப் பார்க்கிற மாதிரி பானெட் மேல் வைத்து, மீட்டர் ஓட்டையை ஸ்டீயரிங்குக்கு நேராக நிறுத்தி, கண்ணாடி வழியாக ஒப்பிட்டேன். என் வலக்கைப் பக்கம் நாலு விரற்கடை மிச்சம். குறிபோடும் சாக்குக்கட்டி அவளிடம் இருந்தது. போய்க் கேட்பேனா? மனசிலேயே குறித்துக்கொண்டேன். கீழே இறக்கி, முகத்தை என் பக்கம் திருப்பி வைத்து, வலக்கைப் பக்கத்தை அறுத்துத் தள்ளினேன்.

குழந்தை எழுந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டிப் பார்த்தேன். சண்டை போட்ட தம்பதி மாதிரி ஸ்டீயரிங் ஒரு பக்கம், மீட்டர் ஒரு பக்கம்.

"வண்டிக்கு எதிர்ல நின்னா உங்க வலக்கை வண்டிக்கு இடக்கை. ஆளை எதிர்ல நிறுத்தி அளவெடுக்கிறவ சொல்றேன்."

"இப்ப என்ன பண்றது?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பழையதில் ஸ்டீயரிங் பக்கத்துப் பாதி நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் வைத்துக்கொண்டாள். மறுபாதியைப் புதியதிலிருந்து வெட்ட, தையல் மெஷினுக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். அளவு அச்சாக இருந்தது.

"இதை எப்ப வெட்டினே?"

"நீங்க சாமான் கடைக்குப் போனப்பவே."

ஊசியைக் காய்ச்சி இரண்டிலும் துளை போட்டு, சாக்குப்பை நூலால் இழுத்துத் தைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்தியா! சாயங்காலத்துக்குள்ள மாட்டியாச்சு!"

"யாரு மாட்டினது?"

கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"ஏங்க, வண்டியைப் பின்னால எடுக்கணும். பின்னாடி நின்னு கையை மட்டும் காட்டுங்க. வலது, இடதுன்னு தயவுசெஞ்சு வாயைத் திறந்துடாதீங்க."