முத்திப்போன கோளாறு

அன்று மூன்றாவது தடவையாக மணி அடித்தது. மாடியிலிருந்து ஓடிவந்த மனைவிக்கு மூச்சு வாங்கியது.

"என்னங்க, அப்பா ஒண்ணும் வேணாம்னு தலையாட்டறார். உங்க மணி தானா அடிக்குது!"

மணி மாப்பிள்ளையின் சொந்தத் தயாரிப்பு. பக்கவாதம் வந்து, பேச்சும் போய்ப் படுத்திருந்த மாமனாரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பட்டன். பக்கத்தில் இருப்பவர் அவசரத்துக்குக் கூப்பிட, கட்டிலின் மறுபுறம் இன்னொன்று. எதை அழுத்தினாலும், எவ்வளவு நேரம் என்பதோடு கம்ப்யூட்டரில் ஒரு வரி பதிவாகும்.

"பதிவைப் பாத்தாப் போச்சு" என்று மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தார். கேட்ட சொல் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும் 'கிரெப்' கட்டளையைத் தட்டி, 'பட்டன்' என்று தேடினார். நாற்பதாயிரம் வரிகள் கொட்டின. நிமிஷத்துக்கு ஒருமுறை 'பட்டன் ஓகே' என்று எழுதச் சொல்லி வைத்தவரே அவர்தான்.

'ஓகே' வரிகளையும், மாமனார் நிஜமாகவே கூப்பிட்டவற்றையும் கழித்தார். பதினேழு மிஞ்சின. அத்தனையும் இரண்டாம் பட்டன். அத்தனையும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல்.

"மாமா, இதை அழுத்தினீங்களா?" என்று மாடிக்குப் போய் முதல் பட்டனைக் காட்டினார். மாமனார் இல்லையென்று தலையாட்டிவிட்டுச் சிரித்தார்.

"பாத்தியா? மெஷின் கோளாறு!"

ஒரு விநாடிக்குக் குறைந்த அழுத்தம் எதுவும் கணக்கில் வராதபடி மாற்றினார். மறுநாள் தாகமெடுத்த மாமனார் முதல் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, தம்ளரை வீசினார்.

"இந்த மணி நல்லா கேக்குது" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை அவசரமாக அந்த ஒரு விநாடியை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். யாரும் அழுத்தாததும் அழுத்தமாகிவிட்டது. மணி ஓயவே இல்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து, "யாரோ ரொம்ப நேரமா பெல் அடிக்கிறாங்க, கதவைத் திறங்களேன்" என்றார்.

எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, இரண்டாம் பட்டனின் வரிகளை மறுபடி எடுத்தார். முதல் வாரம் கால் விநாடி. அப்புறம் அரை. இன்றைக்கு முழுசாக இரண்டு விநாடி.

"நாளுக்கு நாள் முத்திக்கிட்டே போகுது" என்று லேப்டாப்பும் ஸ்க்ரூடிரைவருமாகக் கட்டிலை நெருங்கினார்.

தினமும் மூன்று மணிக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண், கட்டிலருகே நின்றபடி லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். அவர் இப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கழட்டாதீங்க சார்! அந்தப் பக்கம் இருக்கிறது, நாலு மாசமா அசையாத கை!"